மூன்றாவது கட்டத்தில் வைத்த தீ

பட்டாசு கம்பெனியில் நாலு வருடம் இருந்துவிட்டு அச்சகத்துக்கு வந்தவள் நான். சாத்தூர் பக்கம் நான் வேலை பார்த்த கம்பெனியில் அடுத்த ஷெட் வெடித்த அன்றைக்கே, இனி அந்தத் திசையில் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கப் படித்து, சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்ப்போம், சரிப்படவில்லையென்றால் கிளம்பிவிட வேண்டும் என்பது முதலாளியின் பேச்சு. கிளம்பினால் எங்கே போவது? காலையில் எங்கள் தெருமுனைக்கு வரும் பட்டாசு கம்பெனி வேன்தான். என்னோடு ஒரே ஷெட்டில் இருந்த சிநேகிதி இன்னமும் அதில்தான் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டிரைவர் வண்டியை மெதுவாக்குவார், ஏறிக்கொள்வேனோ என்று. பார்க்காததுபோல் வேகமாக நடந்துவிடுவேன்.

மூன்றாவது மாதம் பள்ளிக்கூட சார்ட் ஆர்டர் வந்தது. பிள்ளைகள் கடையில் வாங்கிப் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டுவார்களே, அந்த சார்ட். என் தலையில் விழுந்தது 'நிலக்கரி உருவான விதம்'. மொத்தம் நாலு கட்டம். வாசகத்தை ஓர் ஆசிரியர் எழுதிக் கொடுத்திருந்தார், படம் என் பொறுப்பு. முதல் கட்டத்தில் சதுப்புக் காடு, இரண்டாவதில் சாய்ந்த மரங்கள், நாலாவதில் சுரங்கம். மூன்றாவதற்கு 'அழுத்தமும் வெப்பமும்' என்றிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. காடு முழுக்கத் தீயை வைத்துவிட்டேன். நாலு வருடம் பட்டாசு மருந்தில் கலக்கும் கரித்தூளோடு கிடந்தவளுக்கு, மரம் கரியாக வேண்டுமென்றால் எரிந்தாக வேண்டும், அதில் என்ன சந்தேகம்? முதலாளியும் அச்சுக்கு முன் பார்க்கும் பிரூஃபில் கலரை மட்டும்தான் பார்த்தார். சிவப்பு எடுப்பாக இருக்கிறதென்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மெஷின் ஓட ஆரம்பித்த பிறகுதான், மை காயாத தாள் ஒன்றைக் கையில் பிடித்து வாசகத்தை ஒழுங்காகப் படித்தேன். அதை டைப் அடித்தவளும் நான்தான். டைப் அடிக்கும்போது யார் படிக்கிறார்கள்?

முப்பது கோடி வருடங்களுக்கு முன்னால், பனைமர உயரத்துக்குப் பெரணிகள் நின்ற காடு. விழுந்த மரங்கள் தேங்கின தண்ணீரில் மூழ்கிப்போயின. காற்றுப் படாததால் அவை முழுசாக மக்கவில்லை, கறுத்த சேறாகத் தங்கின. அதன்மேல் மண்ணும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்தன. அந்தப் பாரத்திலும் பூமிக்குள் இருக்கும் சூட்டிலும் கோடிக்கணக்கான வருடம் அழுந்தி, அது நிலக்கரி ஆனது. தீயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தண்ணீருக்கடியில் கிடந்த மரத்துக்கு நான் தீ வைத்திருக்கிறேன்.

மெஷின் தாளைத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தாளிலும் என் தீ எரிந்தது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால், எந்த ஊரிலாவது எந்த டீச்சராவது கண்டுபிடித்து, அப்போது போகும். மெஷின் ஓட்டும் அண்ணனிடம் நிறுத்தச் சொல்லிவிட்டு, தாளோடு முதலாளியின் அறைக்குப் போனேன்.

"மரத்த எரிச்சாத்தானம்மா கரி? இதுல என்ன தப்பு?" என்றார் அவர். ஊர்க்காரர்தானே, அவருக்கும் அதே கரிதான் தெரியும்.

"அது அடுப்புக்கரி அண்ணாச்சி. இது தண்ணிக்குள்ள மூழ்கிக் கெடந்த மரம். தீப் பட்டிருந்தா அம்புட்டும் சாம்பலாப் போயிருக்கும். வெட்டி எடுக்க ஒண்ணும் மிஞ்சியிருக்காது."

அவர் தாளை வாங்கி வாசகத்தைப் படித்துப் பார்த்தார். பாதி ஓடிவிட்டதே என்றார். இது உனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டாசுக் கரிதான் என்றேன். எந்த கம்பெனி, எத்தனை வருடம் என்று விசாரித்தார். சொன்னேன்.

எழுந்து மெஷினுக்கு வந்தார். ஓடிய தாள்களை மறுபடி ஏற்றி, மூன்றாவது கட்டத்தின் மேல் மட்டும் கரும்பழுப்பு மையை ஓட்டச் சொன்னார். இரண்டு தடவை ஓட்டிய பிறகு தீ மண்ணுக்கடியில் போனது. மீதித் தாளுக்குப் படத்தை மாற்றிப் புது அச்சு பிளேட் போடுவதென்று முடிவானது. என் வேலையைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. கிளம்பும்போது தாங்க முடியாமல், நாளைக்கு வரலாமா என்று நானே கேட்டேன்.

"பின்ன? புது பிளேட்டுக்கு யாரு படம் போடுவா? இந்தத் தடவ படிச்சுட்டுப் போடு."

மறுநாள் காலை வேன் வழக்கம்போல என்னருகே மெதுவானது. வரவில்லை என்று கையை ஆட்டினேன். அப்பாடா என்றிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சிநேகிதி பதிலுக்குக் கையை ஆட்டினாள். எத்தனை கழுவியும் போகாத வெள்ளி நிறப் பட்டாசு மருந்து அவள் நகக்கண்களில் மின்னியது. அந்த அப்பாடா எனக்கே கூச்சமாகிவிட்டது.

அச்சகம் விட்டு வந்தால் இப்போதெல்லாம் நான் நேராக வீட்டுக்குப் போவதில்லை. தெருமுனையில் நிற்பேன். வேன் வந்து, இறங்குகிறவர்களில் அவள் முகம் தெரிந்த பிறகுதான் நகர்வேன்.