மில்லிமீட்டர் அக்கா

நான் கார் மெக்கானிக். இருபது வருஷமாகச் சொந்தமாக ஷெட் வைத்திருக்கிறேன். கைராசிக்காரன், கண்ணை மூடிக்கொண்டு வண்டியை விட்டுவிட்டுப் போகலாம் என்று எனக்கொரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் பாதி, எங்கள் தெருமுனையில் இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் நின்ற ஒரு பெண்ணுக்குச் சேரவேண்டியது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதினால் மட்டும் பாவம் கரைந்துவிடும் என்ற நப்பாசையும் இல்லை.

அவரை மில்லிமீட்டர் அக்கா என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். முதலில் கிண்டலுக்கு வைத்த பெயர். "அரை மில்லிமீட்டர்தானே அக்கா, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று எவனாவது சொல்லிவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார். "உன் கண்ணாடில அரை மில்லிமீட்டர் மாத்தி அட்ஜஸ்ட் பண்ணித் தரட்டுமா? எதிர்ல வர்றது பஸ்ஸா பசுமாடான்னு அப்புறம் நீயே சொல்லு." பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

பில் போடுவதற்காக இருபத்து நாலு வயதில் அந்தக் கடைக்கு வந்தவர். ஸ்டாக் பார்த்துக்கொண்டிருந்தவர் முதலாளியுடன் சண்டை போட்டுக்கொண்டு ஒருநாள் கிளம்பிவிட்டார். கூரைவரை ரேக், ரேக் முழுக்க அட்டைப்பெட்டி, எதில் என்ன இருக்கிறது என்று முதலாளிக்கே தெரியாது. அக்கா மதியச் சாப்பாட்டை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் ஏணியில் ஏறி ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தார். ஒரு வருஷத்தில் மொத்தக் கடையும் அவர் தலைக்குள் போய்விட்டது. முதலாளி அதற்காக அவருக்குச் செய்த மரியாதை, ஸ்டூலை மாற்றி நாற்காலி போட்டது.

புதிதாக வருகிறவர்கள் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "கடையில ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?"

"இருக்காரு சார், உள்ள உக்காந்திருக்காரு. ஆனா அவருக்கு ஒண்ணும் தெரியாது. என்ன வண்டி, சொல்லுங்க."

முதலாளி காதில் விழும்படியேதான் சொல்வார். அவரும் கேட்காத மாதிரி இருந்துகொள்வார்.

பிரேக் சாமான் கேட்டு வந்தவரை அக்கா லேசில் விடமாட்டார். என்ன வருஷத்து மாடல், முன் சக்கரமா பின் சக்கரமா என்பதெல்லாம் எந்தக் கடையிலும் கேட்பார்கள். இவர் அதற்கு மேலே போவார். யார் ஓட்டுகிறார்கள், வண்டியில் யார் உட்காருகிறார்கள், மலைப்பாதையில் போகுமா, மிதித்தால் நடுங்குகிறதா, கிறீச்சென்று கத்துகிறதா என்று பொண்ணு பார்க்க வந்தவர்கள் மாதிரி விசாரிப்பார். "சத்தம் வராத பேடு வேணுமா, வண்டி நிக்கிற பேடு வேணுமா?" என்பார். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இறுக்கிப் பிடித்து வண்டியை நிறுத்துவது இந்தப் பேடுதான். சிலது சாதுவாக இருக்கும், ஆனால் சூடேறினால் பிடிக்காது. சிலது நன்றாகப் பிடிக்கும், ஆனால் டிஸ்கைத் தின்றுவிடும். எது யாருக்கு என்று பிரித்துக் கொடுக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு பக்கத்துக்கு மட்டும் டிஸ்க் போதும் என்று யாராவது சொன்னால், "செருப்புக்கடையில போய் ஒத்தைக்கால் செருப்பு கேப்பீங்களா?" என்று ஜோடியாகத்தான் எடுத்துவைப்பார். போலிச் சரக்கை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

எனக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் ஷெட்டுக்குப் பின்னால் போய் அவருக்குத்தான் போன் போடுவேன். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு முன்னால் வந்து, நானே யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் சொல்வேன். அக்காவுக்கு இது தெரியும். "நீ சொன்னா என்ன, நான் சொன்னா என்ன தம்பி. வண்டி நின்னா சரி" என்பார். அவருக்கு உண்மையிலேயே அவ்வளவுதான்.

அவர் சொன்னால் ஏறாத ஒரே காது அவர் வீட்டுக்காரருடையது. சொந்தமாக டாக்ஸி வைத்து ஓட்டுகிறவர். முறைப்படி பார்த்தால் அக்காவின் புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் ஷெட்டுக்கு வருகிற டிரைவர்கள் எல்லாரும் எனக்கு அண்ணன்தான், அதனால் அவரும் அண்ணன். "ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பணும்னு தெரியாது, இவ எனக்கு பிரேக்கு சொல்லித் தர்றா" என்பார். அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது உண்மைதான். கற்றுக்கொடு என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார், அண்ணன்தான் மசியவில்லை.

போன வருஷம் அவர் வண்டியில் முன் பிரேக் பேடு தீர்ந்துபோயிற்று. அக்கா கடையிலிருந்து நல்ல பேடு ஒரு செட்டும், கூடவே இரண்டு புது டிஸ்க்கும் எடுத்துக் கவுண்டரில் வைத்திருக்கிறார். அண்ணன் பேடை மட்டும் எடுத்துக்கொண்டு டிஸ்கை அங்கேயே விட்டுவிட்டு என் ஷெட்டுக்கு வந்தார். நான் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அக்காவின் போன். கையெல்லாம் கிரீஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, அந்த டிஸ்க்கு தேஞ்சுபோச்சு. வீட்டு வாசல்ல நிக்கும்போது விரலை விட்டுப் பாத்தேன். ஓரத்துல விளிம்பு எழும்பியிருக்கு. அளவெடுக்கிற வெர்னியரை விளிம்பு மேல வச்சு அளக்காத, கனமாத்தான் காட்டும். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு காசு வச்சு அளந்துட்டு, காசோட கனத்தைக் கழிச்சிடு. இருபது மில்லிமீட்டருக்குக் கீழ இருந்தா பேடு போடவே போடாத. ஒரு போன் போடு, நான் டிஸ்க்கைக் குடுத்தனுப்பறேன்."

அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தியா? வீட்லயும் இதே ரோதனைதான்."

நான் சிரித்தேன். பல்லை இளித்தேன் என்று எழுதினால்தான் சரியாக இருக்கும். "சரிக்கா, சரிக்கா" என்று போனை வைத்துவிட்டு, வெர்னியரை எடுத்து நேராக அந்த விளிம்பின் மேலேயே வைத்தேன். இருபத்தொன்றரை காட்டியது. "தாராளமா ஓடும்ணே. இன்னொரு செட் பேடு தாங்கும்" என்றேன். என் கட்டைவிரல் நகம் அந்த விளிம்பில் இடறியதை நான் உணர்ந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. ஒரு ஆம்பளை இன்னொரு ஆம்பளையைப் பார்த்துக் கண்ணடிக்கும்போது பதிலுக்கு ஏதாவது செய்யவேண்டும் போல இருந்தது. அவ்வளவு அற்பமான காரணம்தான்.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு காலையில், மலைமேல் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரை ஏற்றிக்கொண்டு அண்ணன் இறங்கி வந்திருக்கிறார். வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்து, தேய்ந்த டிஸ்க் பழுக்கக் காய்ந்து, இடது பக்கம் விரிசல் விட்டுவிட்டது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துச் சுவரில் போய் முட்டியது. அண்ணனுக்குச் சிராய்ப்புதான். அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இன்னும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார் என்று கேள்வி.

அந்த ஆசிரியையின் மகன் கொதித்துப்போய் வந்தார். யார் தப்பு என்று தெரிந்தாக வேண்டும், போலீசுக்குப் போவேன் என்றார். அண்ணன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பேடு சரியில்ல சார். என் சம்சாரம் வேலை பாக்கிற கடையில, அவ கையால எடுத்துக் குடுத்ததுதான்" என்று சொல்லிவிட்டார். மகன் கடை வாசலில் போய் நின்று கத்தினார். கடைக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்று முதலாளி பயந்தார். தப்பான பேடைக் கொடுத்தது கவுண்டரில் இருந்த பெண்தான், அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டோம் என்று சொல்லிக் கை கழுவுவது அவருக்குச் சுலபமாகப் பட்டது. பதினெட்டு வருஷம் நின்ற இடம் அக்காவுக்குப் போய்விடும் போலிருந்தது.

அன்று மதியம் அக்கா என் ஷெட்டுக்கு வந்தார். அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை. ஜாக்கி, டயர், எண்ணெய்த் தட்டு எல்லாவற்றையும் தாண்டி என் முன்னால் வந்து நின்றார்.

"நாளைக்குக் காலையில முதலாளி கூப்பிட்டிருக்காரு. நீயும் வா தம்பி. நான் டிஸ்கை மாத்தச் சொன்னேனா இல்லையான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். உன்னைத் தப்பு சொல்லமாட்டேன். சொன்னேங்கிறதை மட்டும் சொல்லு."

"வர்றேன்கா. கண்டிப்பா சொல்றேன்" என்றேன். சொல்லும்போது சொல்வதாகத்தான் இருந்தேன்.

மறுநாள் முதலாளியின் அறையில் மேஜைமேல் பழைய செய்தித்தாள் விரித்து அந்த விரிசல் விட்ட டிஸ்கை வைத்திருந்தார்கள். முதலாளி, அந்த ஆசிரியையின் மகன், அண்ணன் மூவரும் நாற்காலியில் இருந்தார்கள். அக்கா நின்றுகொண்டிருந்தார். அவர் பேச ஆரம்பித்தார். "பேடுல ஒரு குத்தமும் இல்ல. டிஸ்க்கைப் பாருங்க, குறைஞ்சபட்ச கனம் இருபதுன்னு அதுலயே அடிச்சிருக்கு. இப்ப அளந்தா பத்தொம்பது சொச்சம்தான் வரும்."

"ஒடஞ்சதை அளந்து என்னம்மா ஆகப்போவுது?" என்றார் முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, டிஸ்க்கை மாத்தணும்னு இவங்க உனக்குப் போன் பண்ணாங்களா?"

அந்த மகன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு ஏன் மாற்றவில்லை என்பதுதான். அதற்கடுத்தது போலீஸ், ஷெட்டுக்குப் பூட்டு. இருபது வருஷத்துப் பெயர் கண்முன்னால் ஓடியது.

"ஞாபகம் இல்ல முதலாளி. ஒரு நாளைக்கு எத்தனையோ போன் வருது."

அக்கா என்னையே பார்த்தார். "ஸ்பீக்கர்ல போட்டிருந்தியேப்பா" என்றார். "நீங்க ரெண்டு பேரும் சிரிச்சது எனக்குக் கேட்டுச்சே."

"போதும், வாயை மூடு" என்றார் அண்ணன். "வீட்டுக்குக் கெளம்பு."

அக்கா கவுண்டருக்குப் போய் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டார். நான் பின்னாலேயே வாசல்வரை ஓடினேன். "அக்கா, ஷெட்டு போயிடும்கா. ரெண்டு பசங்க படிக்கிறாங்க..." என்று ஏதேதோ உளறினேன்.

அவர் நின்றார். "நான் எங்க வீட்டுக்காரரை நம்பி வரலப்பா. அவரு எப்படின்னு எனக்குத் தெரியும். முதலாளியையும் தெரியும். உன்னை நம்பித்தான் வந்தேன்." அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

அதன்பிறகு யாரும் போலீசுக்குப் போகவில்லை. குற்றவாளி கிடைத்துவிட்டார் என்று எல்லாருக்கும் திருப்தி. கவுண்டரில் இப்போது கம்ப்யூட்டரைப் பார்த்துச் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஒரு ஆள் இருக்கிறார். இரண்டில் ஒன்று தப்பாக வருகிறது, திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நானோ டிஸ்கை ஒழுங்காக அளக்காமல் எந்த வண்டிக்கும் பேடு போடுவதில்லை. எவ்வளவு கறாரான மனுஷன் பாருங்கள் என்று என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். ஷெட்டில் கூட்டம் முன்பைவிட அதிகம்.

சென்ற வாரம் அண்ணன் வந்தார். இப்போது வேறு வண்டி வாங்கியிருக்கிறார். பிரேக் கொஞ்சம் நடுங்குகிறது என்றார். அளந்து பார்த்தேன். "ரெண்டு டிஸ்க்கும் மாத்தணும்ணே, பேடோட சேத்து" என்றேன்.

"மாத்திடு. நீ சொன்னா சரிதான்" என்றார். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

சக்கரத்தின் பக்கத்தில் குந்தியபடி, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். "அக்கா எப்படி இருக்காங்கண்ணே?"

"அவளுக்கென்ன, வீட்லதான் இருக்கா" என்றார். "முன்ன மாதிரி எதுக்கும் வாய் கொடுக்கிறதில்ல. கேட்டாத்தான் பதில். இப்பதான் வீடு நிம்மதியா இருக்கு."

சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.