இசைத்தட்டில் இல்லாத பெயர்

இன்று சிவகாசி பஸ்ஸில், அறுபதுகளில் லண்டனில் தோன்றிச் சீக்கிரமே கலைந்துபோன ஒரு ராக் குழுவின் பாட்டைப் போன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்த வயதான அம்மா, "இந்த ஆர்கன் நான் வாசிச்சது" என்றார்.

நம்பாமல் பார்த்தேன்.

"அப்ப அங்கன லண்டன்ல நான் நர்ஸு. ஆர்கன் வாசிக்கிற பையன் கை ஒடிஞ்சு எங்க வார்டுல கெடந்தான். ரெக்கார்டிங் நின்னுபோகும்னு அழுதான். நான் வாசிக்கேன்னு போனேன்."

அந்தக் குழு வெளியிட்டது அந்த ஒரே இசைத்தட்டுதான்.

"உங்க பேரு அதுல இல்லையேம்மா?"

"நான்தான் வேண்டாம்னேன். நாரணாபுரம் சர்ச்சுல கீர்த்தனை வாசிக்கத்தான் அப்பா கத்துக்குடுத்தாக. தெரிஞ்சா வருத்தப்படுவாகள்ல."

என் போனை எட்டிப் பார்த்து, "இப்ப அப்பா இல்ல. பேரு போட்டா தப்பில்ல" என்று சிரித்தார்.

அந்த இசைத்தட்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அட்டையில் ஒரு பெயர் எழுத வேண்டியிருக்கிறது.