பீரோச் சாவி அவளிடம் இருந்த காலம்

எங்க ஆபீஸ்ல அரசாங்க ரகசியம் ரொம்ப காலமா ஒரு ஆணியில தொங்கிக் கிடந்தது. சும்மா சொல்லல. ரகசியப் பேப்பர் வைக்கிற இரும்பு பீரோவோட சாவி, காலண்டர் மாட்டியிருந்த அதே ஆணியிலதான் தொங்கும். யாரு வேணும்னாலும் எடுக்கலாம், ஆனா யாரும் எடுக்க மாட்டாங்க. அந்தப் பேப்பரப் படிக்கிறதுக்குப் பஞ்சாங்கத்தப் படிக்கலாம்னு எங்க சூப்பிரண்டு சொல்லுவாரு.

துறைமுகத்துக்குப் போற ரோட்டுல, கடல் சம்பந்தமான காகிதமெல்லாம் வந்து போற ஆபீஸ் அது. எந்த டிபார்ட்மென்ட்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். நான் அங்கன தபால் செக்ஷன் கிளார்க். எனக்கு எதுத்த சீட்டுலதான் அவ. நாசரேத் பக்கத்துக்காரி. அப்பா அம்மா ரெண்டு பேரும் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சருங்க. கல்யாணம் ஆகி முத்தையாபுரத்துல குடியிருந்தா. நான் கடற்கரைத் தெருவுல பொறந்து, அதே தெருவுலயே வாக்கப்பட்டவ. அவளுக்கு பைபிள், எனக்கு மாதா. அவ டப்பாவுல முருங்கைக்கீரை, என் டப்பாவுல மீன். மத்தியானம் தொறந்து வச்சா ரெண்டும் ஒண்ணாயிரும்.

என் வாய் ஓட்டை வாய். தெருமுக்குல ஒருத்தன் தும்மினா ஆபீஸ்ல வந்து சொல்லிருவேன். அவ அப்படியில்ல. பத்து கேட்டா ஒண்ணு சொல்லுவா, அதையும் யோசிச்சுத்தான் சொல்லுவா. எனக்கு அவளப் பிடிச்சதே அதனாலதான். வீட்டுச் சண்டை, மாமியா சங்கதி எல்லாத்தையும் கொட்டுறதுக்கு ஒரு ஆளு வேணும்லா?

அப்போ பாத்து, எங்கயோ ஒரு ஊர் ஆபீஸ்ல ரகசியப் பேப்பர யாரோ போன்ல படம் எடுத்து வாட்ஸாப்ல விட்டுட்டான். உடனே மேல இருந்து ஆர்டர் வந்துட்டு. ஒவ்வொரு ஆபீஸ்லயும் ஒரே ஒரு ஆளு பேரப் போட்டு, ரகசியக் காகிதத்துக்கு இவங்கதான் பொறுப்புன்னு எழுதி அனுப்பணுமாம். அது வரைக்கும் எல்லாரும் பொறுப்புன்னுதான் இருந்தது. எல்லாரும் பொறுப்புன்னா யாரும் பொறுப்பில்லன்னு அர்த்தம்னு எங்க ஆபீசரு சொன்னாரு. நெசந்தான்.

அதுக்கு ஒரு மீட்டிங் போட்டாங்க. ஆர்டரப் படிச்சு முடிக்கவும் சூப்பிரண்டுக்கு பிரஷர் கூடிட்டு. அக்கவுண்ட்ஸ் அண்ணாச்சிக்கு மக கல்யாணம் முன்னால நிக்கி. இன்னொருத்தரு, "சார், நான் தூக்கத்துல பேசுவேன். வேணும்னா வீட்டுக்காரிக்கு போன் போட்டுக் கேளுங்க"ன்னாரு. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுது. நான் சும்மா கிடந்திருக்கலாம். "அவள்ட்ட குடுங்க சார், அவ வயித்துல போட்டது கடல்ல போட்ட கல்லு"ன்னேன். தப்பிச்சோம்டா சாமின்னு எல்லாரும் தலையாட்டுனாங்க.

"ஏளா, இப்படி மாட்டி விட்டுட்டியே"ன்னா அவ. ஆனா மாட்டேன்னு சொல்லல. ஆபீசர் முன்னால நின்னு உறுதிமொழியப் படிச்சுக் கையெழுத்துப் போட்டா. வேலையில இருக்கும்போதும் சரி, வேலைய விட்ட பிறகும் சரி, யார்ட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன்னு. நாங்களா இருந்தா அதப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்போம். அவ ஒவ்வொரு வரியாப் படிச்சா. ஆணியில கிடந்த சாவியக் கழட்டித் தாலிச் சங்கிலியில கோத்துக்கிட்டா. "உன் வீட்டுக்காரர விட கவர்மெண்டுல்லா நெஞ்சோட கிடக்கு"ன்னு நான் கேலி பண்ணுவேன். அவளுக்கு வெக்கம் வந்துரும்.

அந்தக் காகிதம் வர்ற விதமே தனி. ஒரு கவருக்குள்ள இன்னொரு கவர் இருக்கும். வெளிக்கவர்ல ஒண்ணும் தெரியாது, சாதாரணத் தபால் மாதிரி இருக்கும். அதைப் பிரிக்கிறது என் வேலை. உள்ள அரக்கு முத்திரை வச்ச கவர் இருந்தா, மேல இருக்கிற நம்பர மட்டும் பதிஞ்சுட்டு, பிரிக்காம அவ கையில குடுக்கணும். அவதான் பிரிப்பா, அவதான் ஆபீசர்ட்ட காட்டுவா, அவதான் பீரோவுல வச்சுப் பூட்டுவா. வாங்குறது நான், அறியுறது அவ. இத்தனைக்கும் எங்க ரெண்டு சீட்டுக்கும் நடுவுல ஒரு ஃபேன்தான் இருந்தது.

எனக்கு ஒரே ஒரு தம்பி. சங்கு குளிக்கிறவன். தண்ணிக்குள்ள போனா மூச்ச அடக்கிக்கிட்டுக் கிடப்பான், மேல நிக்கிறவனுக்குத்தான் உயிர் போவும். அந்த வருசம் கடல் கலங்கியே கிடந்தது. கீழ போனா கண்ணுக்கு முன்னால நீட்டுன கையே தெரியலக்கான்னான். குளிக்க முடியாம வீட்டுலயே கிடந்தான். சும்மா இருக்கிற ஆம்பளைக்கும் பொண்டாட்டிக்கும் எப்படி ஒத்துப் போவும்? குசினியில பாத்திரம் உருளுற சத்தம் என் வீடு வரைக்கும் கேக்கும். அடுத்தடுத்த வீடு எங்களுக்கு.

அப்புறம் கொஞ்ச நாள்ல அவன் முகம் தெளிஞ்சுட்டு. யாரோ கூப்பிட்டானாம், பொழுது அடைஞ்சு படகுல போறானாம், மீனுக்குன்னான். மீன் ஒண்ணும் வீட்டுக்கு வந்ததா நான் காணல. இலங்கைக்குப் பீடி இலை மூட்டை கடத்துறதப் பத்தி எங்க தெருவுல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் பிடிச்சுக் கேட்டேன். "அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் சுக்கான் பிடிக்கேன், அவ்வளவுதான்"ன்னான். நல்லா ஏசினேன். ஏசிட்டு, அவன் பிள்ளைங்களுக்குப் புதுச் சட்டை எடுத்துட்டு வந்தப்போ சந்தோசமும் பட்டேன். நான் வேற எப்படி இருப்பேன், அவனத் தூக்கி வளத்தவ நான். வழக்கம்போல இதையும் ஒண்ணு விடாம அவள்ட்ட கொட்டியாச்சு.

அன்னைக்குக் காலையில அரக்கு முத்திரைக் கவர் ஒண்ணு வந்தது. நம்பரப் பதிஞ்சேன். எந்திரிக்கச் சோம்பப்பட்டு, சீட்டுல இருந்தே நீட்டி, "இந்தா, உன் மாப்பிள்ளை வந்திருக்கான்"ன்னு குடுத்தேன். அவ பிரிச்சுப் படிச்சா. ஆபீசர் ரூமுக்குப் போனா. வந்து பூட்டினா. அதுக்கு மேல நான் பாக்கல, எனக்கு வேற தபால் கிடந்தது.

மத்தியானம் சாப்பிட உக்காந்தோம். அவ சோத்தப் பிசைஞ்சாளே தவிர வாயில வைக்கல. மேலுக்கு முடியலியோன்னு நெனச்சேன். திடீர்னு தலையத் தூக்கி, "உன் தம்பி இன்னைக்குக் கடலுக்குப் போறானா?"ன்னு கேட்டா.

எனக்கு வந்துதே ஆத்திரம்! எங்க கரையில கடலுக்குப் போறவனப் பத்தி அப்படிக் கேக்கவே கூடாது. போறானா, எங்க போறான், எப்போ போறான், ஒண்ணும் கேக்கக் கூடாது. கேட்டுட்டா அன்னைக்கு அவனுக்குக் கடல் இல்ல. காதுல விழுந்தா மாத்திரம் போதும், கட்டின வேட்டியோட திரும்பி வந்து படுத்துருவான். இது அவளுக்குத் தெரியாதா? வேலைக்கு வந்த புதுசுல ஒருநாள் இப்படித்தான் வாய விட்டா, நான் அன்னைக்கே சொல்லிக் குடுத்தேன். அதுக்கப்புறம் இத்தன வருசத்துல ஒரு தடவ கூட அவ கேட்டது கிடையாது.

"நாக்க அறுத்துப் போடுவேன். படிச்சவதான நீ? இத்தன வருசம் என் கூட உக்காந்து மீன் தின்னவதான?"ன்னு கத்தினேன். பக்கத்து டேபிள்ல திரும்பிப் பாத்தாங்க. அவ என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அவ கண்ணு கலங்கியிருந்தது. நான் ஏசினதுக்குத்தான்னு நெனச்சேன். அப்புறம் மெதுவா, "வீட்டுக்குப் போய் அவன்ட்ட சொல்லு, நான் கேட்டேன்னு"ன்னா. "உன் அபசகுனத்த நான் எதுக்கு சுமந்துட்டுப் போகணும்?"னு டப்பாவ மூடிக்கிட்டு எந்திரிச்சுட்டேன்.

சாயங்காலம் நேரா மாதா கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். அவ கேட்டதோட தோசம் என்னோட போகட்டும்னு வேண்டிக்கிட்டேன். வீட்டுக்கு வந்தா, தம்பி வாசல்ல நின்னு தலை சீவுறான், அவன் சின்ன மக காலப் பிடிச்சுத் தொங்குறா. சிரிச்ச முகமா இருந்தான். நான் எதுவும் சொல்லல. சொன்னா போக மாட்டான். மறுபடியும் வீட்டுல கிடப்பான், மறுபடியும் பொண்டாட்டியோட சண்டை வரும். அவன் "வாரேன்க்கா"ன்னான். "வா"ன்னேன்.

ரோந்துப் படகு முன்னாலயே போய்க் காத்துக்கிட்டு இருந்திருக்கு. பாத்ததும் இவங்க படகத் திருப்பியிருக்காங்க. கரைப் பக்கம் வந்ததும் எல்லாரும் குதிச்சிருக்காங்க. மத்தவங்க நீந்திக் கரையேறிட்டாங்க. தண்ணிக்குள்ளயே குடியிருந்தவன், அவன் மட்டும் ஏறல. வேம்பார் பக்கம் ஒதுங்கிக் கிடந்தான். தலையில அடி. குதிச்ச வேகத்துல அவன் போன படகே இடிச்சிருக்கும்னாங்க. யாரு இடிச்சா என்ன, என் தம்பி போயிட்டான்.

அவன மண்ணுல வைக்கிற வரைக்கும் எனக்கு எதுவும் ஓடல. அவளும் வந்திருந்தா. பொம்பளைங்களோட தரையில உக்காந்து, கைலேஞ்சிய வாயில வச்சு அமுக்கிக்கிட்டு, சத்தம் வராம அழுதா. அவ கழுத்துச் சங்கிலியில அந்தச் சாவி கிடந்தது. அதப் பாத்தப்போதான் எனக்கு விளங்கிச்சு. காலையில நான் நீட்டின கவர்ல என் தம்பி இருந்திருக்கான். கவருக்குள்ள என்ன இருந்ததுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, ஆனாலும் விளங்கிட்டு. எந்திரிச்சு அவ முடியப் பிடிச்சு இழுக்கணும்போல இருந்தது. அவ மடியில விழுந்து அழணும்போலவும் இருந்தது. ரெண்டும் செய்யாம உக்காந்திருந்தேன்.

காரியமெல்லாம் முடிஞ்சு வேலைக்குப் போனா, விசாரணை. படகு பாதியில திரும்பினதால சேதி முன்னாலயே வெளிய போயிருக்குமோன்னு சந்தேகமாம். செத்தவன் அக்கா இதே ஆபீஸ்ல, பொறுப்புல இருக்கிறவளுக்கு நெருங்கின சிநேகிதி. சந்தேகப்படத்தான செய்வாங்க? மேல இருந்து ஒரு அதிகாரி வந்து என்னக் கூப்பிட்டு, தண்ணியெல்லாம் குடுத்து, தன்மையாத்தான் கேட்டாரு. "அவங்க உங்கள்ட்ட ஏதாவது சொன்னாங்களாம்மா? சாடைமாடையாவாவது?"

நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவ வேலை போயிரும். கேஸ் கூட வரலாம். சொல்லித்தான் தொலைப்போமேன்னு ஒரு நிமிசம் நெனச்சேன், பொய் சொல்லல. என் தம்பி சாவான்னு தெரியாட்டியும், பிடிபடுவான்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு எதுத்தாப்புல உக்காந்திருந்தவதான? அப்புறம் அந்தப் பிசைஞ்ச சோறு ஞாபகம் வந்தது. "ஒண்ணும் சொல்லல சார். அவ எதுவும் சொல்லுற ஆளு இல்ல"ன்னேன். அவரு எழுதிக்கிட்டாரு. கொஞ்ச நாள் கழிச்சு, பொறுப்ப நல்லா பாத்துக்கிட்டான்னு அவளுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதுவும் என் தபால்லதான் வந்தது, நான்தான் கொண்டு போய்க் குடுத்தேன். அவ அதப் பிரிச்சே பாக்கல.

அதுக்கப்புறம் நாங்க ஒண்ணா உக்காந்து சாப்பிடல. சண்டையும் கிடையாது. "ஃபேனக் கூட்டவா?" "தபால் வந்துட்டா?" அவ்வளவுதான் பேச்சு. அவளே கேட்டு திருநெல்வேலிக்கு மாத்தல் வாங்கினா. கடைசி நாள் சாவிய ஆபீசர்ட்ட குடுத்துட்டு வெறும் தாலிச் சங்கிலியோட வந்தா. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நானும் போனேன். வெயில் இறங்கிட்டு, லாரி போற தூசி. இப்போ கேக்காட்டி எப்பவும் கேக்க முடியாதுன்னு தோணிச்சு.

"ஏளா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னைக்குத் தெரிஞ்சுதான கேட்ட? அவன நிப்பாட்டத்தான கேட்ட?"

அவ ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னா. "அதுக்கு நான் பதில் சொல்லக் கூடாது"ன்னா.

"இன்னுமா?" நான் ரோடுன்னும் பாக்காம கத்தினேன். "சாவியக் குடுத்தாச்சு, நீ போகப் போற, அவன் மண்ணோட மண்ணாயிட்டான். இன்னும் அந்த கவர்மெண்டுக்காக வாயப் பொத்திக்கிட்டுத்தான் நிப்பியா?"

"கவர்மெண்டுக்காக இல்ல"ன்னா அவ.

பஸ் வந்துட்டு. என் கையப் பிடிச்சா, விட்டா, ஏறிட்டா. பஸ் போன பிறகும் நான் அங்கனயே நின்னேன். அவ ஆமான்னு சொல்லியிருந்தா நான் என்ன ஆவேன்னு அப்போதான் எனக்கு ஓடிச்சு. அவ சொல்லச் சொன்னதச் சொல்லாம, அவன வான்னு அனுப்பினவ நான்தான.

வீட்டுக்கு வந்தேன். தம்பி பொண்டாட்டி என் குசினியில உக்காந்து எனக்கும் சேத்து மீன் ஆஞ்சுக்கிட்டு இருந்தா. "என்ன மைனி, முகம் இப்படி இருக்கு? ஆபீஸ்ல ஏதும் உண்டா?"ன்னு கேட்டா.

ஒண்ணுமில்லன்னேன்.