மூன்று நாள் மழையும் ஒரு புரோகிராமும்

கம்பியூட்டரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நான் அதற்குப் புரோகிராம் எழுதியிருக்கிறேன். இதைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் கதை விடுகிறேன் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு அதில் சிரிக்க எதுவும் இல்லை.

எழுபதுகளின் பிற்பகுதி. இலங்கை மலையகத்தில், பதுளையில் ஓர் அலுவலகத்தில் நான் கிளார்க். தேயிலைத் தோட்டங்களிலிருந்து மாதாமாதம் வரும் மழைக் குறிப்புகளைப் பெரிய புத்தகத்தில் ஏற்றுவது என் வேலை. ஒவ்வொரு தோட்டத்திலும் தினமும் காலையில் மழையை அளந்து, இத்தனை அங்குலம் என்று தசம தானம் வரை எழுதி அனுப்புவார்கள். அந்த எண்களை ஏற்றி ஏற்றி, எங்கள் தோட்டத்து மழை எனக்கு மனப்பாடமாகவே ஆகியிருந்தது. தெமோதரைக்கு மேலே இருக்கிற தோட்டம் அது. என் அண்ணனும் மதினியும் இரண்டு பிள்ளைகளோடு அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தார்கள்.

எங்கள் எஞ்சினியருக்கு ஒரு யோசனை வந்தது. மலைச்சரிவுக்குக் கீழே உள்ள லயங்களில், கடந்த வருடங்களில் எங்கெல்லாம் அடுத்தடுத்த மூன்று நாளில் பத்து அங்குலத்துக்கு மேல் மழை பெய்திருக்கிறதோ, அந்த லயங்களை மழைக்காலத்தில் காலிசெய்து சனங்களைப் பாடசாலையிலோ கோயிலிலோ தங்கவைக்க வேண்டும். நல்ல மனிதர், நல்ல யோசனை. ஆனால் அத்தனை வருடக் குறிப்பையும் கையால் கூட்டிப் பார்க்க மாதக்கணக்காகும். கொழும்பில் ஒரு மெஷின் இருக்கிறது, அதற்குப் புரோகிராம் எழுதத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். நான் அப்போது தபால் மூலம் ஃபோர்ட்ரான் படித்துக்கொண்டிருந்தேன். பாதிப் பாடம்தான் முடிந்திருந்தது. வலியப் போய்க் கையைத் தூக்கினேன்.

கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதித் தபாலில் போட வேண்டும். கொழும்பில் அதையும் மழைக் குறிப்புகளையும் அட்டைகளில் துளையிட்டு மெஷினுக்குள் விடுவார்கள். மெஷின் உடனே கணக்குப் போடாது. கம்பைலர் என்று ஒன்று முதலில் முழுவதையும் வாசித்துத் தன் மொழிக்கு மாற்றும். மாற்ற முடியாத இடங்களைப் பிழை என்று அச்சடித்துக் கொடுக்கும். அந்தத் தாள் பதுளைக்குத் திரும்பி வர எட்டு நாள். முதல் தடவை ஒரு கமா விட்டுப்போயிற்று. ஒரு கமாவுக்கு எட்டு நாள்! இரண்டாம் தடவை ஓர் அடைப்புக்குறி. மூன்றாம் தடவை ஒரு வரி கட்டத்துக்கு வெளியே ஓடிவிட்டது. அலுவலகத்தில் எல்லோரும் தபால்காரரைப் பார்த்தாலே என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான்காம் தடவை வந்த தாளின் அடியில், பிழை இல்லை என்று இருந்தது. அதன் கீழே ஏழு லயங்களின் பட்டியல்.

அண்ணனின் லயம் அந்தப் பட்டியலில் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் நான் வேறெதையும் யோசிக்கவில்லை. ஒரே ஒரு தோட்டத்தின் மூன்று நாளைக் கையால் கூட்டிச் சரிபார்த்திருந்தால் போதும். இரண்டு நிமிட வேலை. பிழை இல்லை என்று மெஷினே சொன்ன பிறகு பென்சிலை எடுப்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தோட்டத்துக்குப் போனேன். ஏதோ கேள்விப்பட்டு லயத்தில் பாதிப் பேர் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள்.

"நம்ம லயத்துக்கு ஒண்ணும் இல்ல. மிசின்லயே போட்டுப் பாத்தாச்சு," என்றேன்.

அண்ணனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அப்பா இறந்த பிறகு தன் படிப்பை விட்டு, என்னைக் கன்னியர் மடத்துப் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைத்தவர் அவர். வீடு வீடாகப் போய், "எங்க தங்கச்சி எழுதிக் குடுத்துதான் கொழும்புல பாத்திருக்காங்க, மூட்டைய அவுத்துருங்க," என்று சொல்லிக்கொண்டு வந்தார். எல்லோரும் அவிழ்த்தார்கள்.

மூன்று வாரம் கழித்து மழை பிடித்தது. இரண்டாம் நாள் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது, பாடப் புத்தகத்தைப் பிரித்தேன். அதன் கடைசியில் மாணவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் என்று சில பக்கங்கள் இருந்தன. பரீட்சைக்கு வராது என்று நான் தொடாத பக்கங்கள். என் விடையில் தசமம் ஏன் காணாமல் போகிறது என்று யாரோ கேட்டிருந்தார்கள். நீங்கள் தனியாக அறிவிக்காவிட்டால், 'ஐ' முதல் 'என்' வரையான ஆறு ஆங்கில எழுத்துகளில் ஒன்றில் தொடங்கும் பெயரில் முழு எண் மட்டுமே நிற்கும். தசமத்தைக் கம்பைலர் கேட்காமலே வெட்டிவிடும், அதைப் பிழையென்று சொல்லாது என்று பதில் இருந்தது.

மூன்று நாள் கூட்டுத்தொகைக்கு நான் வைத்த பெயர் மழை. ஆங்கில எழுத்தில் எழுதினால் 'எம்' என்ற எழுத்தில் தொடங்கும். பாடத்தில் வருகிற பெயர்களையெல்லாம் விட்டுவிட்டு, நம் பாஷையில் ஒரு பெயர் இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டு வைத்தது.

பஸ்ஸிலேயே கூட்டினேன். எங்கள் தோட்டத்தில் ஒரு வருடம் மூன்று புள்ளி எட்டு, மூன்று புள்ளி ஏழு, மூன்று புள்ளி ஒன்பது. மொத்தம் பதினொன்றுக்கு மேல். என் புரோகிராம் கூட்டினால் முதல் நாள் மூன்று. இரண்டாம் நாள் ஆறு. மூன்றாம் நாள் ஒன்பது, பத்துக்குக் கீழே. ஒவ்வொரு நாளும் தசமத்தின் கழுத்தை நறுக்கியிருந்தது. பஸ் நின்றதும் அலுவலகத்துக்கு ஓடினேன்.

எஞ்சினியரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கொழுந்து பறிக்கும் நேரத்தில் ஆட்களைக் கிளப்புவதா என்று தோட்டத்துரைமார் ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருந்தார்கள். புதிய பட்டியல் இல்லாமல் தான் கடிதம் போட்டால் குப்பைக் கூடைக்குத்தான் போகும் என்றார். திருத்திய தாளைத் தபாலில் போடாமல் ரயிலில் ஆளிடம் கொடுத்தனுப்பினார். அப்படியும் ஐந்து நாளாகும். நீ முதலில் உன் வீட்டாரிடம் போ என்று என்னை அனுப்பினார்.

நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன். அண்ணன் லயத்துத் தண்ணீர்ப் பீலியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் குடத்தோடு நின்றார்கள். எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"அண்ணே, நான் எழுதுனது தப்பு. இந்த லயம் பட்டியல்ல வந்திருக்கணும். இன்னைக்கே கெளம்புங்க."

"புதுப் பேப்பர் வந்துருச்சா?"

"இன்னும் வரல. நானே கூட்டிப் பாத்தேன்."

"அப்ப அந்த மிசினு சொன்னது?"

"நான் சொல்லிக் குடுத்ததத்தான் அது செஞ்சுச்சு. தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கிக்கொண்டிருப்பேன். "நீ சின்னதுலேருந்தே இப்படித்தான்," என்றார். "பரீச்ச எழுதிட்டு வந்து பெயிலாயிருவேன்னு அழுவ. அப்புறம் பாத்தா மொத ஆளா வந்து நிப்ப." குடத்தோடு நின்றவர்களிடம் திரும்பி, "இது பயந்த கழுத. எழுதுனது சரியாத்தான் இருக்கும்," என்றார்.

கெஞ்சினேன். கத்தினேன். தசமம் என்றால் என்னவென்று மண்ணில் எழுதிக்கூடக் காட்டினேன். மழை அதை அழித்துக்கொண்டே போயிற்று. "போன மாசம் ஒண்ணு, இந்த மாசம் ஒண்ணு," என்று ஒருவர் முணுமுணுத்துவிட்டுக் குடத்தைத் தூக்கினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

என்னைப் பாப்பா என்றே கூப்பிடும் மதினிதான் கிளம்பினார். "எனக்கு மிசினும் தெரியாது, பேப்பரும் தெரியாது. பாப்பா மொகம் நல்லால்ல," என்று சொல்லிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு என்னோடு கோயிலுக்கு வந்தார். பின்னால் இரண்டு குடும்பங்கள் வந்தன. அண்ணன் வரவில்லை. "நானும் பூட்டிட்டு வந்தா, ஒன் வேலைய நானே நம்பலன்னு ஆயிரும்," என்றார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் போய்க் கூப்பிட்டேன். தேத்தண்ணி ஊற்றித் தந்தார், பேச்சை மாற்றினார்.

நான் வந்து நான்காம் நாள் காலை, மழை அதிகமென்று, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்திலிருந்தே ஆண்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினார்கள், அண்ணனையும் சேர்த்து. பத்து மணி இருக்கும். லயத்தின் மேற்கு மூலையில் குடும்பத்துக்கு ஓர் அறையான காம்பராக்களில் மூன்று மண்ணுக்குள் போயின. இரண்டில் ஆளில்லை, கோயிலுக்கு வந்திருந்தார்கள். மூன்றாவது எங்களுடையது. அண்ணனைச் சாயங்காலம் மண்ணிலிருந்து எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் புதிய தாள் வந்தது. ஏழு லயங்கள் பதினொன்றாகியிருந்தன. எங்கள் லயம் மூன்றாவது. எஞ்சினியர் அதை என் மேசையில் வைக்க மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான்தான் வாங்கினேன். கிழித்துப் போட வேண்டும் என்று கை துடித்தது. ஆனால் மற்ற லயங்களில் சனம் இருந்தது. எல்லாத் தோட்டத்துக்கும் அன்றைக்கே கடிதம் டைப் அடித்தேன், எங்கள் தோட்டத்துக்கும் சேர்த்து. அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தொகையையும் கையால் கூட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. அழுதுகொண்டே கூட்டினேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து மதினியோடு உட்கார்ந்திருந்தேன். அவர் அதுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அன்றைக்கு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"பாப்பா, மூணே முக்காலு பேஞ்சா மூணுன்னு எழுதிச்சுன்னு சொன்னீல்ல. அந்த மிச்ச மழைய எங்க கொண்டு போய்ப் போட்டுச்சு, ஒங்க மிசினு?"

"எங்கயும் போடல மதினி," என்றேன். "விட்டுருச்சு."

"சொல்லாமயா?"

"சொல்லாமத்தான்."

அவர் தலையாட்டினார். பிறகு முறத்தை என் பக்கம் நகர்த்தி, தனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, நீ கொஞ்சம் பார் என்றார்.