காலி வீட்டுக்குத் தண்ணீர்

எங்கள் அலுவலகத்தில் அவளை எல்லோரும் மனு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அறைக் கதவில் மாட்டியிருந்த பலகையில் 'கொள்கைப் பரிந்துரைப் பிரிவுத் தலைவர்' என்று இருக்கும். அக்காவின் அம்மா ஒருமுறை வந்து அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இதுல எதும்மா வேலை?" என்று கேட்டார். அக்காவின் கணவர் பல் மருத்துவர். அவர் இன்னும் சுருக்கமாகச் சொல்வார்: "நான் பல்லைப் பிடுங்குறேன், இவ மந்திரிங்ககிட்ட இருந்து வார்த்தையைப் பிடுங்குறா. என் ஆளுங்களுக்காவது மரத்துப்போக ஊசி போடுறேன்."

எங்களுடையது நிவாரண அமைப்பு. மற்றவர்கள் மூட்டையும் கூடாரமும் மருந்தும் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு முன்னால் போகிறவள் அக்கா. ஒரு சாலையை மூடியிருப்பார்கள், ஒரு விதி குறுக்கே நிற்கும், ஓர் அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு "அங்கதான் யாருமே இல்லையே" என்பார். அக்கா ஒவ்வொரு மேசைக்கும் போய், "அங்க ஆளுங்க இருக்காங்க சார்" என்று சொல்லுவாள். கெஞ்சியும் சிரித்தும் சட்டம் பேசியும் சொல்லுவாள். இருபது வருஷம் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் அவள் சம்பளம் வாங்கினாள். கல்லில் நார் உரிக்கிற வேலை.

அவள் பேசுவாள், நான் அறிக்கை எழுதுவேன். எனக்குப் பொறுமை கிடையாது. எந்த அதிகாரியைப் பார்த்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்போதெல்லாம் மேசைக்கடியில் அக்கா என் காலை மிதிப்பாள். காருக்குள் எப்போதும் இரண்டு ஜோடிச் செருப்பு வைத்திருப்பாள், சேற்றுக்கு ஒன்று, செயலகத்துக்கு ஒன்று. என் காலை மிதித்தது பெரும்பாலும் செயலகத்துச் செருப்பு. அதற்குக் கூரான குதிகால்.

அவள் வாங்கிக் கொடுத்த விதிகளில் பெரியது கணக்கெடுப்பு விதி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சண்டை தொடங்கியதிலிருந்து ஜனங்கள் இந்தப் பக்கம் வந்து சூளைக் கொட்டகைகளிலும் பாதி கட்டிய கட்டடங்களிலும் தங்கியிருந்தார்கள். எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை, அதனால் மூட்டையும் இல்லை, மருந்தும் இல்லை. முதலில் அவர்களை எண்ணுங்கள் என்று அக்கா வருஷக்கணக்கில் வாதாடினாள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது போல அமைச்சகம் ஒரு நாள் நகர்ந்தது. முதல் கணக்கெடுப்பு செங்கல் சூளையில். தயங்கியவர்களிடம் அக்காவே கொட்டகை கொட்டகையாகப் போய், "பேர் குடுங்க, நல்லது நடக்கும்" என்று சொன்னாள். அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தோம்.

அந்த மாதமே சூளை காலியாகிவிட்டது. பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிவிட்டதாக அமைச்சகம் சொன்னது. எந்த இடம் என்று அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டாள். அதன் பிறகு மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைக்கிற பழக்கம் அவளுக்கு வந்தது.

ஊர் எல்லையில் கட்டுமான முதலாளி பாதியில் விட்டுப் போன ஏழு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அங்கே தங்கியிருந்தவர்களுக்காக எங்கள் லாரி தினமும் போய்த் தரைத்தொட்டியை நிரப்பும். அந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் உப்பு. முன்பு லாரிச் சத்தம் கேட்டாலே குடங்களோடு வரிசையில் நிற்பார்கள். சூளை காலியான பிறகு அங்கேயும் யாரையும் காணோம். ஆனால் தண்ணீர் மட்டும் தீர்ந்துகொண்டிருந்தது.

"ஊத்திட்டு வர்றேன், மறுநாள் போனா தொட்டி காலி" என்றார் லாரி ஓட்டுநர். "ஒரு ஆளைக் கண்ணால பார்க்கல. எனக்கு அங்க நிக்கவே பிடிக்கல மேடம். யாரோ முதுகைப் பார்க்கிற மாதிரியே இருக்கு."

"பேய் தண்ணி குடிக்காதுண்ணே" என்று அக்கா சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அமைச்சகம் சிரிக்கவில்லை. ஆளில்லாத இடத்துக்கு லாரி எதற்கு என்று கேட்டது. கூட்டாய்வு ஒன்று நடக்கும், ஆட்கள் இருப்பதைக் காட்டினால் அனுமதி தொடரும், இல்லாவிட்டால் அந்தச் சாலையில் லாரி போகக்கூடாது என்று கடிதம் வந்தது. காட்டிவிட்டால் போயிற்று என்றுதான் நாங்கள் கிளம்பினோம்.

மேகம் மூடிய முற்பகல். கட்டட வாசலில் அமைச்சகத்தின் துணை இயக்குநர் கைத்தடியோடு காத்திருந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல், எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர். அப்படிப்பட்டவர்களைத்தான் நான் இன்னும் கொஞ்சம் அதிகமாக வெறுப்பேன். "நீங்க முன்னால போங்க மேடம்" என்றார். "என் முட்டி மெதுவாத்தான் வரும்."

படியேறினோம். கதவும் இல்லை, ஜன்னல் சட்டமும் இல்லை. சுவரில் ஓட்டைகள் மட்டும். முதல் மாடியில் யாரும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. தரை பெருக்கியிருந்தது. ஒரு காகிதம், ஒரு வாழைப்பழத் தோல், எதுவும் கிடையாது. இப்படிப்பட்ட கட்டடங்களில் புறாக்கள் குடியிருக்கும். என் வீட்டு பால்கனியில் புறாத் தொல்லையால் துணி காயப்போட முடியாது, அவற்றின் சிறகடிப்பைக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசும். இங்கே ஒரு புறாகூட இல்லை. அது மட்டும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது மாடியில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதில் துணி எதுவும் இல்லை. ஆனால் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. காற்று கொஞ்சமும் இல்லை. கயிற்றின் நடுவிலிருந்து ஒரு சொட்டு கீழே விழுந்தது. அக்கா மூலையில் அடுக்கியிருந்த மூன்று செங்கல்லுக்கு நடுவே கையை வைத்தாள், உடனே எடுத்துக்கொண்டாள். "சூடா இருக்கு" என்றாள். கீழே கைத்தடி டொக், டொக் என்று ஏறிக்கொண்டிருந்தது.

நான்காவது மாடியில் லிஃப்டுக்காக விட்ட பெரிய ஓட்டை. குறுக்கே பலகைகள் அடித்திருந்தார்கள், இடுக்கில் பழைய மூங்கில் சாரம் தெரிந்தது, அதற்குப் பின்னால் ஒரே இருட்டு. அதன் அருகில் போனபோதுதான் அந்தக் குரல் வந்தது.

"அக்கா."

நான் கத்தியிருப்பேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் பார்க்காதீங்க. சும்மா நில்லுங்க." பெண் குரல், பலகைக்கு மிக அருகில்.

"யாரும்மா?" என்றாள் அக்கா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"யாரும் இல்ல. யாரும் இல்லன்னு சொல்லிட்டுப் போயிடுங்க."

"ஆள் இருக்குன்னு காட்டலன்னா தண்ணி நின்னுடும்மா. வெளிய வந்து பேர் குடுங்க, நான் பார்த்துக்கிறேன்."

அந்தக் குரல் கோபமே இல்லாமல் சொன்னது: "சூளையிலயும் நீங்க இதைத்தான் சொன்னீங்க. குடுத்தோம். விடிஞ்சதும் பஸ் வந்துச்சு. நீங்க எழுதி வாங்கின பேரைப் படிச்சுப் படிச்சு ஏத்தினாங்களாம். நான் விறகு பொறுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா என் மாமியார் இல்ல, என் பொண்ணு இல்ல. எங்க இருக்காங்கன்னு இன்னும் தெரியல. எங்களை எண்ணாதீங்க அக்கா."

அப்போதுதான் எனக்கு மற்றதும் கேட்டது. அந்தக் குரலுக்குப் பின்னால், மேலேயும் கீழேயும், அந்த இருட்டு முழுக்க மூச்சு. ஒரு வகுப்பறையே வாத்தியாருக்குப் பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் போல. எத்தனை பேர் என்று கணக்குப் போட என் புத்தி போனது. அதற்காகவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்காவின் முகத்தை அன்று பார்த்ததுபோல் நான் என்றும் பார்த்ததில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்களே, அந்தப் பூதம் அவளிடம் உங்களால்தான் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டது.

கைத்தடி நான்காவது மாடிக்கு வந்தது. துணை இயக்குநர் மூச்சு வாங்கியபடி சுற்றிலும் பார்த்தார். "ஈ காக்கா கூட இல்லையே மேடம்" என்றார்.

லிஃப்ட் ஓட்டைக்குள் ஒரு தும்மல். சின்னது, குழந்தையுடையது.

நான் உடனே தும்மினேன். ஒன்று போதாதோ என்று இன்னொன்றும் தும்மினேன். "தூசி சார்" என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று.

"நூறு" என்றார் அவர், குழந்தை தும்மினால் சொல்வார்களே, அப்படி. அவர் என்னைப் பார்க்கவில்லை. பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப என்ன எழுதிக்கட்டும் மேடம்? ஆளுங்க இருக்காங்களா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா என்று கேட்பார்கள். அக்கா மறைத்தாள்.

"யாரும் இல்ல சார்" என்றாள்.

"இருபது வருஷத்துல உங்க வாயால இதை நான் கேட்டதே இல்ல."

"இன்னைக்குக் கேட்டுக்கோங்க சார்."

"அப்ப லாரியை நிறுத்திடலாம்."

அக்கா நிமிர்ந்து நின்றாள். குரல் பழைய மனு அக்காவின் குரல். "நிறுத்த முடியாது சார். ஆளில்லாத உயர்ந்த கட்டடத்துல தீயணைப்புத் தொட்டி எப்பவும் நிரம்பியிருக்கணும்னு உங்க அமைச்சக விதியே சொல்லுது. பக்கத்துல மெத்தைக் கிடங்கு வேற இருக்கு. ஆள் இருந்தா நெருப்பைப் பார்த்துக் கத்தவாவது செய்வாங்க. இங்கதான் யாரும் இல்லையே."

"அதுக்குத் தினமும் ஏன் ஊத்தணும்?"

"தொட்டியில விரிசல் சார். ஒழுகிடுது."

"விரிசலை அடைக்கலாமே."

"மனு போட்டிருக்கோம் சார். உங்க ஆபீஸ்லதான் கிடக்கு."

அப்படி ஒரு மனு இல்லவே இல்லை. அன்று மாலையே அதை எழுதி, முந்தின வருஷத் தேதி போட்டு அனுப்பினோம். துணை இயக்குநர் சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்டார். ஆட்கள் இல்லை, தண்ணீர் தொடரலாம். இறங்கும்போது அக்கா ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

காரில், "எழுது" என்றாள். "ஆள் இல்லன்னு எழுது." எனக்கு அவள் மேல் கோபமாக வந்தது. ஆளில்லாத இடத்துக்கு மூட்டை போகாது, மருந்து போகாது, இனி எந்த மேசையிலும் அவர்களுக்காக வாய் திறக்க முடியாது. அதைச் சொல்லப் போன நான், அவள் செருப்பைக் கூட மாற்றாமல் சேற்றுச் செருப்போடு செயலகத்துக்கு வண்டியை விடச் சொல்வதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை சூளைக்காரர்கள் எங்கே என்ற ஒரே கேள்வியைத்தான் எல்லா மாடியிலும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சில மாதம் கழித்து ஒரு கூட்டம் முடிந்து வரும்போது துணை இயக்குநர் எங்களைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். அக்கா முந்திக்கொண்டாள். "சூளைக்காரங்க எங்க சார்?"

"அது என் மேசைக்கு வரல மேடம். வந்திருந்தா..." அவர் முடிக்கவில்லை. கைத்தடியைக் கை மாற்றிக்கொண்டார். "எனக்கு மாற்றல். என் இடத்துக்கு வர்றவர் சின்ன வயசு. முட்டி நல்லா இருக்கு. ஏழு மாடியும் ஏறுவார்."

அக்கா கையிலிருந்த கோப்பை மூடினாள்.

"காலி வீடுன்னா புறா இருக்கும் மேடம், தரையெல்லாம் எச்சமா இருக்கும். மனுஷங்க இருக்கிற இடத்துலதான் விரட்டி விடுவாங்க. பெருக்கி வைப்பாங்க" என்றார் அவர், யாருடைய உடம்பையோ விசாரிக்கிற குரலில். "அங்க கொஞ்சம் புறா வரட்டும்."

அக்கா அதை நேரே போய் நான்காவது மாடிப் பலகைகளுக்குப் பின்னால் இருந்த இருட்டிடம் சொன்னாள்.

புதிய அதிகாரி வந்த அன்று நாங்களும் போனோம். வாசலிலேயே நாற்றம். முதல் மாடியில் கால் வைத்ததும் புறாக்கள் மொத்தமாக எழும்பின, நான் முகத்தை மூடிக்கொண்டேன். தரை வெள்ளையாக இருந்தது. நல்ல முட்டிக்காரர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு இரண்டு மாடி ஏறினார், புது ஷூவைப் பார்த்தார், "பாழடைஞ்சு கிடக்கு" என்று சொல்லி அங்கேயே கையெழுத்திட்டுவிட்டு இறங்கினார்.

அவர் கார் போன பிறகு அக்கா மேலே ஏறினாள். நான்காவது மாடி ஜன்னல் விளிம்பில் ஒரு பிடி தானியம் இறைத்திருந்தது. அவள் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள். அதில் ஒரு கல் இல்லை, உமி இல்லை. யாரோ உட்கார்ந்து புடைத்துக் கல் பொறுக்கி உலைக்கு எடுத்து வைத்ததிலிருந்து அள்ளிப் போட்டிருந்தார்கள். அக்கா அழுதாள். அழுகைச் சத்தம் கேட்கக்கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு கையில் இருந்ததை ஒரு மணி சிந்தாமல் திரும்ப அந்த விளிம்பிலேயே வைத்தாள்.