மாப்பிள்ளை வீட்டு மீட்டர்

1. நாற்பது வினாடி

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பதினான்கு நிமிடத்துக்கு, என் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வாடிக்கையாளரின் மின்பாவனைப் பக்கத்தை அலுவலகக் கணினியில் திறந்தேன். நாற்பது வினாடி பார்த்துவிட்டு மூடினேன். டிக்கெட் எடுக்க மறந்து ஓல்டன் வரைக்கும் ரயிலில் போன ஒரு நாளைத் தவிர்த்தால், சுவிஸில் நான் செய்த ஒரே விதிமீறல் இதுதான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

ஓல்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறு நகரத்துக்கு மின்சாரம் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஊரில் ஐந்து வருடம் ஒரு தினசரியின் நிருபராக இருந்தவன் நான். இங்கே வந்து பதினெட்டு வருடம் மீட்டர் வாசித்தேன். டோர்ச் லைட்டோடு வீடு வீடாக நிலக்கீழ் அறைகளில் இறங்கி எண்களை எழுதுவதுதான் வேலை. பிறகு ஸ்மார்ட் மீட்டர்கள் வந்தன. அவை தங்களைத் தாங்களே வாசித்துக்கொண்டன. எனக்கு ஐம்பத்தெட்டு வயதானபோது என்னை விதிகளைக் கவனிக்கும் கொம்ப்ளயன்ஸ் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அந்தப் பிரிவில் இரண்டே பேர். மேலாளர் ஃபிராவ் (திருமதி) ஹூபர், அடுத்தது நான். அடுத்த வருட விலைப்பட்டியலை உரிய திகதிக்குள் வெளியிட்டோமா, விற்ற மின்சாரம் நீரிலிருந்து வந்ததா அணுவிலிருந்து வந்ததா என்று வாடிக்கையாளருக்குச் சொன்னோமா, மீட்டர் தரவுகளைச் சட்டம் அனுமதித்த காரியத்துக்கு மட்டும்தான் பார்த்தோமா என்று கவனிப்பதுதான் எங்கள் பொறுப்பு. எனக்கு மூன்று மாதத் தகுதிகாண் காலம். தேறாவிட்டால் திரும்பிப் போவதற்குப் பழைய வேலை இல்லை. நான் அந்தப் பக்கத்தைத் திறந்தது இரண்டாவது மாதத்தில்.

ஸ்மார்ட் மீட்டர் கால்மணி நேரத்துக்கு ஓர் எண்ணைப் பதிகிறது. ஒரு நாளைக்குத் தொண்ணூற்றாறு எண்கள். அவற்றைக் கோடாக வரைந்தால் அதற்கு லாஸ்ட்காங் என்று பெயர். ஒரு வீடு எத்தனை மணிக்கு எழும்பியது, எப்போது சமைத்தது, எப்போது ஆளில்லாமல் கிடந்தது எல்லாம் அந்தக் கோட்டில் தெரியும். அதனால்தான் அதற்குச் சட்டம்.

2. நேசன் அண்ணையின் விசாரணை

அந்தச் செவ்வாய்க்கு முந்தின சனிக்கிழமை நேசன் அண்ணை என் வீட்டுக்கு வந்தார். சுவிஸ் வந்த புதிதில் என்னோடு ஒரே அகதி முகாமில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர். ஓல்டனில் ஒரு பண்டகசாலையில் பின்னேர ஷிப்ட் பார்ப்பவர். ஒரே மகள் மதுரா, பேர்னில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிறாள். கீர்த்தனன் என்ற பெடியனைக் கட்டப்போவதாக வீட்டில் சொல்லிவிட்டாள். அண்ணை ஒரு வருடமாக ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. விசாரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பெடியன் உங்கட ஏரியாவிலதான் இருக்கிறான். ஹைட்வெக் தெருவில. தனிய இருக்கிறன் எண்டுறான். ஆனா ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வந்து போறதா ஒராள் சொல்லுது."

"ஆர் சொன்னது?"

"அது வேறை கதை. நீ இப்ப கந்தோரில எல்லாம் பாக்கலாமாமே. ரெண்டு பேர் குளிச்சா கரண்ட் கூடத்தானே எரியும்? ஒருக்காப் பாத்துச் சொல்லன்."

"அண்ணை, அது ஏலாது. வேலை போயிடும்."

"கல்யாணத்துக்கு விசாரிக்கிறது எங்கட வழக்கம்தானே? நான் என்ன களவெடுக்கவோ கேக்கிறன்?"

"சாதகத்தைப் பாருங்கோ. மீட்டரை விடுங்கோ."

"சாதகத்தில கிரகம்தான் இருக்கு. ஆள் வீட்டில இருக்கிறானோ எண்டு இல்லை."

மறுத்தே அனுப்பினேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் போனார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நிருபராக இருந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு: ஒரு வதந்தி காதில் விழுந்தால், அது சரியா பிழையா என்று தெரியாமல் இருப்பு கொள்ளாது. செவ்வாய்க்கிழமை ஹைட்வெக்கில் வேறொரு வீட்டின் முறைப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் இரண்டு வரி கீழே கீர்த்தனனின் பெயர் இருந்தது. விரல் போய்விட்டது.

வார நாட்களில் அது ஒருவர் மட்டும் வாழும் வீடு. காலையில் ஒரு மேடு, இரவில் ஒரு மேடு. வெள்ளி பின்னேரத்திலிருந்து ஞாயிறு இரவு வரை குளிர்சாதனப் பெட்டி மட்டும் ஓடியது. கிட்டத்தட்ட எல்லா வாரமும் அப்படித்தான்.

பக்கத்தை மூடினேன். அதற்குப் பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. எந்தப் பக்கத்தை யார், எப்போது, எவ்வளவு நேரம் திறந்தார் என்பதை அந்தக் கணினி பதிந்து வைக்கும். அந்தப் பதிவைச் சரிபார்க்கும் நடைமுறையை முந்தின வாரம் எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

3. ஃபிராவ் ஹூபர்

மறைத்திருக்கலாம். அந்தப் பதிவை மாதத்துக்கொரு தடவை மாதிரிக்கு எடுத்துத்தான் பார்ப்போம். என் வரி அகப்படாமலே போயிருக்கவும் கூடும். அரை மணித்தியாலம் யோசித்தேன். பிறகு மேலாளரின் அறைக் கதவைத் தட்டினேன்.

ஃபிராவ் ஹூபர் சாதாரணமாகச் சுவிஸ் ஜெர்மன் பேச்சுமொழியில் சிரித்துச் சிரித்துப் பேசுபவர். நான் சொல்லி முடித்ததும் எழுத்து ஜெர்மனுக்கு மாறினார். வழக்கறிஞர் கடிதம் வாசிப்பதுபோல இருந்தது.

"என்ன காரணம்?"

"காரணம் இல்லை. ஆவல்."

"யாரிடமாவது சொன்னீர்களா?"

"இல்லை."

"யாராவது கேட்டார்களா?"

"ஒரு நண்பர் கேட்டார். மறுத்துவிட்டேன். பிறகு நானாகப் பார்த்தேன்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "மறுத்த பிறகா பார்த்தீர்கள்? கேட்டவருக்குச் சொல்லவும் இல்லையா?"

"இல்லை."

"அப்படியானால் இந்தக் குற்றத்தால் ஒருவருக்கும் ஒரு லாபமும் இல்லை." கொஞ்சம் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு சொன்னார்: "வாடிக்கையாளருக்குக் கடிதம் போகவேண்டும். நீங்களே எழுதுங்கள், உங்கள் பெயரில். அவர் முறைப்பாடு செய்தால் இந்த இடத்தில் உங்களை வைத்திருக்க என்னால் முடியாது. செய்யாவிட்டால் பார்ப்போம்."

கடிதத்தை ஆறு தடவை திருத்தினேன். முதல் வரைவில் "தரவு அணுகல் நிகழ்வு" என்று ஒரு சொற்றொடர் இருந்தது. கடைசி வரைவில் இருந்தது இதுதான்: "உங்கள் மின்பாவனைத் தரவை நான் காரணமின்றிப் பார்த்தேன். யாருக்கும் சொல்லவில்லை. மன்னிக்கவும். முறைப்பாடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு." பத்து நாளுக்குள் பதில் தரும்படி கேட்டிருந்தோம்.

4. கடிதம் கிடைத்தவர்

மூன்றாம் நாள் கவுண்டரில் என்னைக் கேட்டு ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். உயரமான பெடியன். முதுகில் சைக்கிள் பை. கையில் என் கடிதம்.

"இந்த லெட்டரை எழுதினது நீங்களோ?"

"ஓம்."

"பேரைப் பாத்ததும் விளங்கிட்டுது, மதுரா உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறா. நேசன் மாமா கேட்டவரோ?"

"அதை நான் சொல்லேலாது."

"சொல்லேலாது எண்டா அவர்தான்."

அவன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். ஆனால் கேள்விதான் கேட்டான்.

"அங்கிள், என்ர தரவை நான் எடுக்கலாமோ?"

"அது உங்கட உரிமை. ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. அடையாள அட்டையைக் காட்டினால் போதும்."

"அப்ப ஒரு வருஷத்தை அடிச்சுத் தாங்கோ. ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டை கொண்டு போறன். ஊர் முழுக்க விசாரிக்கிறார். என்னட்டையே கேட்டிருக்கலாம். பேப்பரிலயே காட்டுறன்."

வெள்ளி முதல் ஞாயிறு வரைக்கும் தட்டையாகக் கிடக்கும் அந்தக் கோடு எனக்கு ஞாபகம் வந்தது. வாடிக்கையாளருக்கே அவருடைய தரவைப் பற்றிச் சொல்வதில் தடை இல்லை.

"தம்பி, ஆருக்கும் காட்ட முதல் நீங்கள் முழுக்க ஒருக்காப் பாருங்கோ."

"அங்கிள், எனக்கு ஒளிக்க ஒண்டுமில்லை."

இந்த வாக்கியத்தை இத்தொழிலில் பலர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். சொன்னவர் ஒருவர்கூடத் தன் லாஸ்ட்காங்கை அதற்கு முன் பார்த்திருக்கவில்லை.

"நீங்களும் வாங்கோ," என்றான். "கோட்டை விளங்கப்படுத்த ஆள் வேணும். முறைப்பாடு செய்யிறதோ இல்லையோ எண்டு ஞாயிறு முடிய முடிவெடுக்கிறன்."

ஃபிராவ் ஹூபரிடம் அனுமதி கேட்டேன். அவனுடைய எழுத்துமூலச் சம்மதம் இருந்தால், என் சொந்த நேரத்தில் போகலாம் என்றார். கீர்த்தனன் கவுண்டரிலேயே நின்று கையெழுத்துப் போட்டான். அப்படி என் வேலை ஒரு கல்யாணப் பேச்சோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

5. ஞாயிறு பின்னேரம்

நேசன் அண்ணை வீட்டு மேசையில் வடை, கேசரி, தேத்தண்ணி, நடுவில் பன்னிரண்டு தாள். மதுரா பேர்னிலிருந்து வந்திருந்தாள். அவளுடைய அம்மா ராணி அக்கா முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட் முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிறவர்போலப் பார்த்தார்.

"இதென்ன இந்த மலை?"

"காலமை குளிப்பு," என்றேன். "சுடுதண்ணி."

"ஒராளோ ரெண்டாளோ?"

"ஒரு கால்மணி நேரம்தான். ஒராள்."

அண்ணைக்கு ஏமாற்றம்போல இருந்தது. தாளைப் புரட்டினார். மாசி, பங்குனி, சித்திரை. வைகாசியில் அவர் விரல் நின்றது.

"சனி ஞாயிறு ஒண்டுமில்லையே. இந்தக் கிழமையும் இல்லை. அடுத்த கிழமையும் இல்லை. தம்பி கீர்த்தனன், சனி ஞாயிறிலை நீர் எங்க போறனீர்?"

கீர்த்தனன் தாளைப் பார்த்தான். முதல் தடவையாகப் பார்க்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது. காது சிவந்தது. எதிரே மதுராவுக்கும் சிவந்தது. ராணி அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வடையைப் பிட்டார். அவருக்குப் பேர்ன் அறைக் கதை விளங்கிவிட்டது. அண்ணைக்கு இன்னும் விளங்கவில்லை.

"ஃபுட்போல்," என்றான் கீர்த்தனன்.

"மாரி காலத்திலயுமோ?"

மதுரா சட்டென்று போனை எடுத்தாள். "அப்பா, இது ஒருபக்க விசாரணை. அவற்ற வீட்டைப் பாத்தால் எங்கட வீட்டையும் அவர் பாக்கத்தானே வேணும்? வாடிக்கையாளர் பக்கத்தில லொகின் பண்ணினா வரும். எடுக்கட்டோ?"

அண்ணை நெஞ்சை நிமிர்த்தினார். "எடு பிள்ளை. எங்கட வீட்டில ஒளிக்க என்ன இருக்கு?"

அவள் போனைச் சுவர்த் தொலைக்காட்சியோடு இணைத்தாள். வீட்டின் வருடம் திரையில் விரிந்தது. ராணி அக்கா ஆர்வமாகக் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "ஐப்பசியைக் காட்டு பிள்ளை. கந்தசஷ்டி விரதத்துக்கு நாங்கள் அடுப்பே மூட்டேல்லை. கரண்ட் எவ்வளவு குறைஞ்சிருக்கும் எண்டு பாப்பம்."

சஷ்டியின் ஆறு நாட்கள் வந்தன. காலை வெறுமை. பின்னேரம் வெறுமை. நடுவில், ஆறு நாளும், பகல் பன்னிரண்டரைக்குக் கூரான ஒரு மேடு. அந்த நேரம் ராணி அக்கா வேலையில். மதுரா பேர்னில். அண்ணைக்கு ஷிப்ட் இரண்டு மணிக்குத்தான் தொடங்கும்.

ராணி அக்கா எழும்பிப் போய்த் திரையில் அந்த மேட்டைத் தொட்டார்.

"இதென்ன?" என்றார் ராணி அக்கா.

"பால் காய்ச்சினது," என்றார் அண்ணை.

"அரை மணித்தியாலமோ? பசுவையும் சேத்துக் காய்ச்சினனீங்களோ?"

அண்ணை என்னைப் பார்த்தார். அகதி முகாமில் பாண் துண்டைப் பாதியாகப் பிய்த்துத் தந்த மனிதர். "தம்பி, நீ சொல்லன். பாலாயும் இருக்கலாம்தானே?"

"அண்ணை, உங்கட தரவைப் பற்றி நான் கருத்துச் சொல்லுறதெண்டா உங்கட எழுத்துமூலச் சம்மதம் வேணும்."

கீர்த்தனன் தேத்தண்ணி புரைக்கேறி இருமினான். மதுரா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "முட்டைதான். மச்சம் மாமிசம் ஒண்டும் தொடேல்லை."

"ஆறு நாளும்! நான் பாலும் பழமும் வச்சிட்டு, பசியோட அங்க கட்டில் தள்ளிக்கொண்டு திரியிறன்!" ராணி அக்கா முதலில் அதட்டினார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "டிவியை நிப்பாட்டு பிள்ளை. தம்பி கீர்த்தனன், நீரும் உந்தத் தாளுகளை மடியும். ஃபுட்போலும் வேண்டாம், பாலும் வேண்டாம். கலியாணத்துக்கு நாள் பாப்பம்."

அண்ணை பஞ்சாங்கத்தை எடுக்க எழும்பினார். மறுக்கும் நிலையில் அவர் இல்லை.

6. திங்கள்

கீர்த்தனனின் பதில் காலையிலேயே வந்திருந்தது. மூன்று வரி. தனக்கு முறைப்பாடு இல்லை, பார்த்தவர் தானாகவே சொன்னார், தன் தரவைத் தானே கவனமாகப் பார்க்காததுதான் தனக்கு வந்த பெரிய தொல்லை. ஃபிராவ் ஹூபர் கடைசி வரியை இரண்டு தடவை வாசித்துவிட்டு, அது என்ன தொல்லை என்று கேட்டார். அதைச் சொல்ல வாடிக்கையாளரின் சம்மதம் என்னிடம் இல்லை என்றேன். "இப்போது உங்களுக்கு வேலை விளங்கிவிட்டது," என்றார். தகுதிகாண் தேறியதாக அடுத்த மாத முடிவில் கடிதம் தந்தார். எழுத்திலான எச்சரிக்கை ஒன்றையும் அதே உறையில் வைத்திருந்தார். இரண்டுமே நியாயம்.

அதன் பிறகு எங்கள் கணினியில் ஒரு மாற்றம் செய்தோம். ஒரு வாடிக்கையாளரின் கால்மணித் தரவைத் திறக்க முன் ஒரு வெற்றுப் பெட்டி வரும். ஏன் பார்க்கிறீர்கள் என்று அதில் எழுதவேண்டும். எழுதாவிட்டால் பக்கம் திறக்காது. "ஆவல்" என்று எழுதிப் பார்க்கச் சொல்லிப் புதியவர்களுக்கு நான் பயிற்சி கொடுப்பேன். ஒருவராலும் எழுத முடிந்ததில்லை. கை நின்றுவிடும்.

புதியவர்கள் வழக்கமாகக் கேட்பது இது: ஒரு வீட்டின் மின்கோட்டில் அப்படி என்ன பெரிய இரகசியம் இருக்கப்போகிறது? உண்மைதான். ஓய்வு பெறும் வரை இந்த மேசையில் நான் அறிந்தவற்றில் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. ஒரு வார இறுதி, ஒரு முட்டைப் பொரியல், அந்த அளவுதான். ஆனால் அதை எப்போது, யாருக்கு, எப்படிச் சொல்வது என்று தீர்மானிக்க வேண்டியவர் முட்டையைப் பொரித்தவர். நாம் மின்சாரம் மட்டும் விற்கிறோம்.