வெள்ளிமலையிலேர்ந்து வந்த டோக்கன்

இன்னிக்குக் கள்ளக்குறிச்சியில ஒரு காலேஜ் வராண்டாவுல, என் மருமவ மானத்தை நானே வாங்கப் பாத்தேன்!

அபிராமிக்குக் கல்யாணத்தால பாதியில நின்ன படிப்பு. நான்தான் "போம்மா, படி"ன்னு திரும்பச் சேத்துவிட்டேன். (சரி, முடிவு பண்ணது அவ. தலையாட்டினது நான்.)

இன்னிக்குக் கடைசி ப்ராஜெக்ட். இது தேறினாத்தான் பட்டம்.

மரவள்ளிக் கிழங்கு லோடு ஏத்திக்கினு ஜவ்வரிசி ஃபேக்டரி வாசல்ல நாள் முழுக்க நிக்கிறோம் இல்ல? அதுக்குப் போன்லயே டோக்கன் எடுக்கற ஆப் பண்ணியிருக்கா.

கேக்கறது நம்ம போன். அது கிளையன்ட். பதில் சொல்றது ஒரு கம்ப்யூட்டர். அது சர்வர். (எட்டாவதோட நின்னவன்தான். ஆனா சின்னசேலம் ஸ்டேஷன்ல ஒரு டிடிஆருக்கே இதை விளக்கியிருக்கேன்!)

அந்த சர்வர் நம்ம வூட்டு ஹால்ல இருக்கு. பழைய கம்ப்யூட்டர்தான். ஆனாலும் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன்.

அப்புறம் பாத்தா, இன்னொண்ணை அவ அப்பா வூட்டுல வச்சிருக்கா! மலை மேல, வெள்ளிமலையில!

எனக்குப் பொறுக்கல. (சம்மந்திக்கும் எனக்கும் கொஞ்சம் உரசல். நான் போட்ட கல்யாண விருந்துல பாயசம் தண்ணின்னு சொல்லிட்டாரு. அன்னியிலேர்ந்து நேரா போன் போடறதில்ல.)

"இன்னாத்துக்கும்மா அங்க ஒண்ணு? மலையில கரண்டும் நிக்காது, நெட்டும் நிக்காது!"

"ஒண்ணு படுத்துட்டா இன்னொண்ணு பதில் சொல்லும் மாமா. வேலையைப் பல இடத்துல பிரிச்சு வைக்கிறதுதான் இந்தப் படிப்பே."

"நம்ம வூட்டுது ஏம்மா படுக்கப் போவுது?"

சிரிச்சா.

இன்னிக்குக் காலையில அவ முன்னாடியே போய்ட்டா. வெள்ளை வேட்டி கட்டி, வூட்டைப் பூட்டிட்டு, நானும் வூட்டுக்காரியும் பின்னாடி போனோம்.

"ஜன்னல்கிட்ட நில்லுங்க மாமா. நான் கை காட்டினதும் உங்க போன்ல டோக்கன் அமுக்குங்க."

அதாவது, நான்தான் கிளையன்ட்!

கை காட்டினா. அமுக்கினேன்.

சுத்துது. சுத்திக்கினே இருக்கு.

வூட்டுக்காரி காதுகிட்ட வந்து, "ஏங்க... பூட்டறப்ப மெயின் சுவிட்சை அணைச்சீங்களே?"

வெளியூர் கிளம்பினா மெயினை அணைச்சிட்டுத்தான் பூட்டுவேன். கை தானாப் போவும்!

உள்ள அபிராமி என்னையே பாத்துக்கினு நிக்கிறா. பக்கத்துல பரீட்சை வைக்க வந்த சாரு.

டிங்!

டோக்கன் வந்துடுச்சு! கீழ சின்ன எழுத்துல, 'பதில் தந்தது: வெள்ளிமலை.' உள்ள அபிராமி ஸ்க்ரீன்லயும் அதே எழுத்து.

அந்த சாரு கேக்கறாரு, "நல்லா இருக்கும்மா. ஒரு சர்வர் நின்னுட்டா? நிறுத்திக் காட்டு, பாப்போம்."

"ஏற்கெனவே நிறுத்தியாச்சு சார்."

"யாரு?"

"எங்க மாமனார் சார்."

காலேஜே எழுந்து நின்னு கை தட்டுச்சு! (உள்ள இருந்ததே நாலு பேரு. தட்டினது ஒருத்தர்.)

வெளிய ஓடி வந்தா. "பாஸு மாமா!"

"ஏம்மா, நான் மெயினை..."

"இந்த வூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து பாக்கறேன் மாமா. நீங்க அணைப்பீங்கன்னு தெரிஞ்சுதான் ரெண்டா வச்சேன்."

அங்கயே அவளுக்கு ஒரு கும்புடு போட்டேன். (நானு! நம்புங்க.)

வூட்டுக்கு வந்து மெயினைப் போட்டேன். அப்புறம் நானே வெள்ளிமலைக்குப் போன் போட்டேன்.

"சம்மந்தி, பொண்ணு பாஸு!"

"சொன்னா, சொன்னா." அப்புறம் மெதுவா, "காலையிலேர்ந்து இது பக்கத்துலயே உக்காந்துக்கினு இருக்கேன் சம்மந்தி. எழுந்து போனா நின்னுடுமோன்னு பயம். உங்க வூட்டுது ஓடுதா? இதை அணைச்சிடலாமா?"

"வேணாம் சம்மந்தி. ரெண்டும் ஓடட்டும். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றோம். பாயசம் வைங்க, தண்ணியா இருந்தாலும் குடிக்கிறேன்!"

(கிளம்பறப்ப மெயினை அணைக்க மாட்டேன். வூட்டுக்காரி இப்பவே சுவிட்சு மேல துணியைச் சுத்திக் கட்டிட்டா!)